மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் அணுகுமுறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது நிர்வாகப் பாடத்தைத் தமிழ் வழியில் படிக்கும் போட்டித் தேர்வு மாணவர்களோடு பேசும்போதெல்லாம் 'டாப்-டவுன்' என்ற சொல்லைப் பற்றி ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்திய வளர்ச்சித் திட்டமிடல்தான் இச்சொல்லை விளங்கிக்கொள்ள மிகப் பொருத்தமான களம் என்பதால் முதற்பகுதி முழுவதும் அதைச் சார்ந்தே அமைகிறது. பிற துறைகள் அதன் பிறகு வருகின்றன.

டாப்-டவுன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

படிநிலையாக அமைந்த ஓர் அமைப்பில், முழுமையைப் பற்றிய முடிவு முதலில் உச்சியில் எடுக்கப்பட்டு, பகுதிகளும் விவரங்களும் அந்த முடிவிலிருந்து படிப்படியாகக் கீழே வகுக்கப்பட்டால் அது மேலிருந்து கீழ் அணுகுமுறை. பகுதிகளில் தொடங்கி, அவற்றைத் தொகுத்து முழுமையை எட்டினால் அது கீழிருந்து மேல் அணுகுமுறை.

இந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, மேல் என்றும் கீழ் என்றும் சொல்லத்தக்க படிகள் இருக்க வேண்டும். மற்றொன்று, வேலை எந்தப் படியில் தொடங்கி எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் இச்சொல்லைப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

இந்திய நிர்வாகத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எது?

1950 மார்ச்சில் அமைக்கப்பட்ட திட்டக் குழுவும், 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டங்களுமே முதன்மையான எடுத்துக்காட்டு. நாட்டின் மொத்த முதலீடு, வளர்ச்சி இலக்கு, துறைவாரியான ஒதுக்கீடு ஆகியவை டெல்லியில் கணக்கிடப்பட்டன. அவற்றிலிருந்து மாநிலத் திட்டங்களும், மாநிலத் திட்டங்களிலிருந்து மாவட்டங்களுக்கான இலக்குகளும் வகுக்கப்பட்டன. ஒரு வட்டாரத்தில் எத்தனை கிணறுகள் வெட்டப்பட வேண்டும் என்ற எண்ணிக்கை அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பார்த்து முடிவானதைவிட, மேலே முடிவான ஒரு மொத்த எண்ணிக்கையின் பங்காக வந்து சேர்ந்த சந்தர்ப்பங்களே அதிகம்.

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டம் இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. கிராம மக்கள் தாமே முன்வந்து தம் ஊரை மேம்படுத்திக்கொள்வதே அதன் நோக்கம். ஆனால் அதை நடத்தியவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரும் அவருக்குக் கீழிருந்த கிராம சேவகர்களும்தான். 1957இல் அறிக்கை அளித்த பல்வந்த்ராய் மேத்தா குழு, உள்ளூர் முன்முயற்சியை இத்திட்டத்தால் தூண்ட முடியவில்லை என்று கண்டறிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. மக்கள் பங்கேற்பு நோக்கமாக இருந்தும் செயல்முறை மேலிருந்தே வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஓர் அணுகுமுறையை அதன் நோக்கத்தைக் கொண்டு பெயரிடக் கூடாது, அது இயங்கும் திசையைக் கொண்டே பெயரிட வேண்டும்.

கிராம சபை இருக்கிறதே, அப்படியானால் இப்போது நாம் கீழிருந்து மேல் முறைக்கு வந்துவிட்டோமா?

சட்டத்தின் வடிவத்தில் வந்திருக்கிறோம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களைத் தயாரிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றங்கள் ஊராட்சிகளுக்கு வழங்கலாம். அதற்குரிய 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணை பட்டியலிடுகிறது. அவ்வாறு ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒருங்கிணைத்து மாவட்டத்துக்கான வரைவுத் திட்டத்தை உருவாக்குவதே மாவட்டத் திட்டக் குழுவின் பணி என்று 243இசட்டி பிரிவு கூறுகிறது. 'ஒருங்கிணைத்தல்' என்ற வினையே திசையைக் காட்டிவிடுகிறது. கீழே முதலில் ஏதேனும் தயாராகியிருந்தால்தான் மேலே ஒருங்கிணைக்க முடியும்.

நடைமுறையில் திசை எது என்பதை அறிய ஒரு கிராம சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. விவாதிக்க வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே பட்டியலாக வருகின்றன. வரவு செலவு அறிக்கை, குடிநீர்ச் சிக்கனம், கொசு ஒழிப்பு, அரசுத் திட்டங்களின் முன்னேற்றம் என்று அவை வரிசையாகப் படிக்கப்பட்ட பிறகு, ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, தெற்குத் தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாயில் இரண்டு மாதமாகக் கசிவு இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் 'இதர பொருள்கள்' வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா, ஏறிய தீர்மானம் அடுத்த நிதியாண்டின் வேலைப் பட்டியலில் இடம்பெறுகிறதா என்ற இரண்டு இடங்களில்தான் கீழிருந்து மேல் என்பது உண்மையாகிறது அல்லது பொய்யாகிறது.

கேரளத்தின் மக்கள் திட்டத்தையும் அரசுதானே மேலிருந்து அறிவித்தது? அதை எப்படிக் கீழிருந்து மேல் என்கிறீர்கள்?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1996 ஆகஸ்டில் கேரள அரசும் அதன் மாநிலத் திட்டக் குழுவும் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் ஒப்படைத்தது. அந்த முடிவு சந்தேகத்துக்கு இடமின்றி மேலே எடுக்கப்பட்டது. எந்தக் கிராமமும் மாநில நிதியைத் தானே பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அந்த நிதிக்குள் என்ன செய்வது என்பது கிராம சபைகளில் தொடங்கியது. மக்கள் குழுக்களாக அமர்ந்து தேவைகளைப் பட்டியலிட்டனர். ஒவ்வோர் ஊராட்சியும் தன் வளங்களையும் குறைகளையும் தொகுத்து வளர்ச்சி அறிக்கை எழுதியது. வளர்ச்சிக் கருத்தரங்குகளில் அந்த அறிக்கை விவாதிக்கப்பட்டது. பணிக்குழுக்கள் அதைத் திட்ட மதிப்பீடுகளாக மாற்றின. ஊராட்சி அவற்றிலிருந்து தன் திட்டத்தை உருவாக்கி மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பியது. ஆகவே விதிகளும் நிதியளவும் மேலிருந்து கீழே வந்தன, உள்ளடக்கம் கீழிருந்து மேலே போயிற்று. ஒரே திட்டத்தின் இரு கூறுகள் இரு திசைகளில் நகரலாம் என்பதை ஏற்றுக்கொண்டால் இந்தக் கேள்வியில் முரண் எதுவும் எஞ்சுவதில்லை. எது நகர்கிறது என்று சொல்லாமல் திசையை மட்டும் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது. நிதியும் உரிமையும் மேலிருந்து விடுவிக்கப்படாத இடங்களில் கீழிருந்து வரும் திட்டங்கள் கோரிக்கை மனுக்களாகவே முடிந்துவிடுகின்றன.

மேலிருந்து கீழ் என்றாலே அதிகாரத் திணிப்புதானே? விடையில் அதைக் குறை சொல்லித்தான் எழுத வேண்டுமா?

இல்லை. இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பல விடைத்தாள்களில் இச்சொல் ஒரு வசைச்சொல்லாகவே வருகிறது. ஒரே நாளில், ஒரே தரத்தில், இடைவெளியின்றி நடக்க வேண்டிய வேலைகளுக்கு மேலிருந்து கீழ் முறையே பொருத்தமானது. 1995இல் இந்தியாவில் தொடங்கிய தீவிர போலியோ சொட்டு மருந்து முகாம்களை எண்ணிப் பாருங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த வயதுக் குழந்தைகள், எந்த மருந்து, எந்த வெப்பநிலையில் கொண்டுசெல்வது என்பதையெல்லாம் ஊருக்கு ஊர் முடிவு செய்திருந்தால் போலியோ நச்சுயிரி ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கும். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

அதே முகாம்களின் அடிமட்டத்தையும் பார்க்க வேண்டும். வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள், குழந்தைகள் எல்லோரும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் 'பி' என்றும், ஒரு குழந்தையாவது விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் சாக்கட்டியால் எழுதினார்கள். எக்ஸ் குறியிட்ட வீடுகளுக்கு மறுபடியும் சென்றார்கள். எந்தச் சந்தில் எத்தனை வீடுகள், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்கள் எத்தனை என்ற விவரங்கள் உள்ளூர்க்காரர்களிடமிருந்தே மேலே சென்று நுண்திட்டமாயின. மேலிருந்து வகுத்த ஒரு திட்டம் கீழிருந்து வரும் தகவலால்தான் துல்லியம் பெறுகிறது. அந்தத் தகவலுக்கு வழி இல்லாதபோதே அது திணிப்பாகிறது.

படிநிலை, மையப்படுத்தல், மேலிருந்து கீழ் மூன்றும் ஒன்றுதானா?

மூன்றும் வேறு. படிநிலை என்பது அமைப்பின் வடிவம், அதாவது யார் யாருக்குக் கீழ் என்ற ஏற்பாடு. மையப்படுத்தல் என்பது முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது என்பது. மேலிருந்து கீழ் என்பது ஒரு குறிப்பிட்ட வேலை எந்தத் திசையில் நடக்கிறது என்பது. படிநிலை உள்ள அமைப்பிலும் வேலை கீழிருந்து தொடங்கலாம். மாவட்டத் திட்டக் குழு படிநிலையின் ஓர் அங்கமாக இருந்தும் ஊராட்சித் திட்டங்களைத் தொகுக்கவே ஏற்படுத்தப்பட்டது என்று மேலே பார்த்தோம். அதேபோல, இலக்கை மட்டும் மேலதிகாரி கூறி, அதை அடையும் வழியைக் களத்தில் இருப்பவரிடம் விட்டுவிடும் படைத்துறை மரபும் உண்டு. அங்கே படிநிலை கடுமையானது, ஆனால் செயல்முறை பற்றிய அதிகாரம் மையத்தில் இல்லை.

மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டால் அது கீழிருந்து மேல் ஆகிவிடும் அல்லவா?

கருத்துக் கேட்பு எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். திட்டம், இடம், அளவு, தொழில்நுட்பம் ஆகியவை முன்மொழியப்பட்டு, வரைவு அறிக்கையும் தயாரான பிறகே மக்கள் அழைக்கப்படுகிறார்கள். அவர்களின் எதிர்ப்பும் ஐயங்களும் பதிவு செய்யப்படுகின்றன. அப்பதிவுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் தொடக்கம் வேறிடத்தில் நிகழ்ந்துவிட்டது. இதைக் கலந்தாலோசனையுடன் கூடிய மேலிருந்து கீழ் முறை என்று எழுதுவதே சரி.

'இது நமக்கு வேண்டுமா?' என்ற கேள்விக்குக் கீழ்மட்டம் விடை சொல்ல முடிந்தால் அது கீழிருந்து மேல் முறைக்கு அருகில் இருக்கிறது. 'இதை எப்படிச் செய்யலாம்?' என்பதற்கு மட்டும் விடை சொல்ல முடிந்தால் அது கலந்தாலோசனைதான்.

கொள்கை அமலாக்கப் பாடத்தில் 'டாப்-டவுன் கோட்பாடு' என்று தனியாக வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

அடிப்படைப் பொருள் ஒன்றுதான், ஆனால் அங்கே அது ஆய்வுமுறையின் பெயர். அமெரிக்காவில் 1973இல் பிரஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் ஓக்லாந்து நகரின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தபோது, வாஷிங்டனில் எடுத்த முடிவிலிருந்து தொடங்கி, அது ஒவ்வொரு படியிலும் யாருடைய இசைவுக்காகத் தேங்கியது என்று கீழ்நோக்கிப் பின்தொடர்ந்தார்கள். 1980இல் மைக்கேல் லிப்ஸ்கி எதிர்முனையிலிருந்து பார்த்தார். ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் போன்று மக்களை நேரில் சந்திப்பவர்கள் நேரமும் ஆளும் பற்றாத நிலையில் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளே, மக்கள் அனுபவிக்கும் கொள்கையாக உருவெடுக்கின்றன என்பது அவர் வாதம். நியாய விலைக் கடையில் கைரேகை பதியாத முதியவரைத் திருப்பி அனுப்புவதா, மாற்று வழியில் பொருளை வழங்குவதா என்று விற்பனையாளர் அந்த நொடியில் செய்யும் தேர்வை எண்ணிப் பார்த்தால் இந்த வாதத்தின் வலிமை விளங்கும். அந்த முதியவரைப் பொறுத்தவரை அரசின் உணவுக் கொள்கை என்பது அந்த ஒரு முடிவுதான்.

பட்ஜெட் விஷயத்தில் டாப்-டவுன் என்றால் நிதியமைச்சர் எல்லாவற்றையும் முடிவு செய்வதா?

அல்ல. மொத்தச் செலவின் உச்சவரம்பை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அதைத் துறைகளுக்குப் பகிர்வதையே நிதித்துறையில் இப்பெயரால் குறிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கடும் நிதி நெருக்கடியைச் சந்தித்த சுவீடன், அதன் பிறகு தன் நடைமுறையை இப்படி மாற்றியது. அங்கே நாடாளுமன்றம் மொத்த உச்சவரம்பையும் 27 செலவினப் பகுதிகளுக்கான தொகைகளையும் முதலில் தீர்மானிக்கிறது. தனித்தனி இனங்கள் அந்த எல்லைக்குள் பேசப்படுகின்றன. துறைகள் கேட்பதையெல்லாம் கூட்டி மொத்தத்தை எட்டும் பழைய வழக்கம் இதற்கு நேர் எதிரானது.

கணினி அறிவியலிலும் இதே சொல் வருகிறது. பொருள் மாறுகிறதா?

திசை மாறவில்லை, படிகள் மட்டும் மாறுகின்றன. அங்கே மேல் என்பது முழுச் சிக்கல், கீழ் என்பது நிரலின் கடைசி விவரம். ஒரு வேலையை முதலில் பெருங்கூறுகளாகவும், ஒவ்வொன்றையும் சிறு கூறுகளாகவும் பிரித்துக்கொண்டே சென்று, இறுதியில் நேரடியாக நிரலாக எழுதத்தக்க நிலையை அடைவது மேலிருந்து கீழ் வடிவமைப்பு. நிக்லாவுஸ் விர்த் 1971இல் இதைப் படிப்படியான நுணுக்கமாக்கல் என்று விளக்கினார்.

சோதனையிடும்போது வேறுபாடு கண்கூடாகத் தெரியும். மேல் அடுக்கை முதலில் எழுதிச் சோதிப்பவர், இன்னும் எழுதப்படாத கீழ்க் கூறுகளுக்குப் பதிலாக 'ஸ்டப்' எனப்படும் போலிக் கூறுகளை வைக்கிறார். கீழ் அடுக்கிலிருந்து தொடங்குபவருக்கு, அக்கூறுகளை அழைத்துப் பார்க்க 'டிரைவர்' என்ற தற்காலிக நிரல் தேவைப்படுகிறது.

உளவியலிலும் சூழலியலிலும் 'மேல்' என்பது யார்?

உளவியலில் மேல் என்பது மூளையில் முன்பே உள்ள அறிவும் எதிர்பார்ப்பும், கீழ் என்பது கண்ணுக்கும் காதுக்கும் வரும் மூலத்தகவல். மழையில் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் வரும் பேருந்தின் பலகையில் 'தா', 'ப', 'ம்' மட்டுமே தெரிந்தாலும், அந்த வழித்தடத்தை அறிந்தவர் 'தாம்பரம்' என்று படித்துவிடுகிறார். அது மேலிருந்து கீழ்ச் செயல். அந்த ஊருக்குப் புதியவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பது கீழிருந்து மேல்.

சூழலியலில் மேல் என்பது உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள கொன்றுண்ணி. ராபர்ட் பெயின் 1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றிவந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டதால், அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. இங்கே யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. மேலடுக்கின் விளைவு கீழடுக்குகளில் இறங்குகிறது என்பதே பொருள். முன்னர் கூறியபடி, இச்சொல்லுக்கும் அதிகாரத் திணிப்புக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

மெட்ரோ நிலையத்தை டாப்-டவுன் முறையில் கட்டினார்கள் என்று படித்தேன். அதுவும் நிர்வாகச் சொல்லா?

இல்லை, அது கட்டுமானச் சொல். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்கள் பலவற்றிலும் கையாளப்பட்ட முறை அது. சுற்றுச்சுவரை நிலத்துக்குள் முதலில் இறக்கி, மேல்தளத்தைப் போட்டு, அதன் பிறகு அடியிலுள்ள மண்ணை அகற்றிக் கீழ்த்தளங்களை ஒவ்வொன்றாக அமைப்பார்கள். மேல்தளம் முடிந்ததும் சாலையைப் போக்குவரத்துக்குத் திருப்பித் தர முடியும் என்பது இதன் பெரும் பயன். இங்கே மேலும் கீழும் வெறும் இடத்தைக் குறிப்பவை. முதல் கேள்வியின் நிபந்தனைப்படி படிநிலை இல்லாததால் இதை மற்றவற்றோடு சேர்த்து எழுத வேண்டாம்.

பாரிஸ் ஒப்பந்தம் கீழிருந்து மேல் என்கிறார்கள். நாடுகளுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

இறையாண்மை கொண்ட நாடுகளுக்கு மேலே அரசு எதுவும் இல்லை என்பது உண்மையே. ஆனால் உலக அளவிலான இலக்கு, நாட்டளவிலான இலக்கு என்ற இரு படிகள் இருக்கின்றன. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறையில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வைக் கூட்டாக எவ்வளவு குறைப்பது என்பதும் ஒவ்வொரு நாட்டின் பங்கும் பேச்சுவார்த்தையில் முடிவாகி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டன. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே தீர்மானித்து அறிவிக்கிறது.

இருந்தாலும் பாரிஸ் முழுமையான கீழிருந்து மேல் முறை அன்று. வெப்ப உயர்வை 2 பாகைக்கு மிகக் கீழே நிறுத்துவது என்ற பொது இலக்கும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் உலகளாவிய மதிப்பாய்வும் மேலே அமைந்துள்ளன. நாடுகளின் பங்களிப்புகளைக் கூட்டினால் அந்த இலக்கை எட்டவில்லை என்பது 2023இல் துபாயில் நிறைவடைந்த முதல் மதிப்பாய்விலேயே வெளிப்பட்டது. கேரளக் கேள்வியில் கண்ட கலப்புதான் இங்கும்: சட்டகம் மேலிருந்து, உள்ளடக்கம் கீழிருந்து.

விடையில் 'டாப்-டவுன்' என்றே எழுதலாமா, தமிழில் எழுத வேண்டுமா? எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

'மேலிருந்து கீழ் அணுகுமுறை' என்று எழுதுங்கள். குறுக்கெழுத்துப் புதிர் வழியாகவே அந்தத் தொடர் எல்லோருக்கும் பழக்கமானது. முதல் முறை வரும் இடத்தில் 'டாப்-டவுன் எனப்படும்' என்று சேர்த்துக்கொள்ளலாம். 'மேல்கீழ் அணுகுமுறை' என்று சுருக்கினால் திசை மறைந்து ஏற்றத்தாழ்வு என்ற பொருள் முன்னுக்கு வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வொரு முறை இத்தொடரை எழுதும்போதும் மேலே இருப்பது யார், கீழே இருப்பது யார், எது நகர்கிறது என்ற மூன்றும் அந்த வாக்கியத்திலோ அடுத்த வாக்கியத்திலோ இருக்கட்டும். 'இந்தியத் திட்டமிடல் மேலிருந்து கீழ் தன்மை கொண்டது' என்று எழுதினால் திருத்துபவருக்கு எதுவும் தெரிவதில்லை. 'திட்டக் குழு வகுத்த துறைவாரி இலக்குகள் மாநிலங்கள் வழியாக மாவட்டங்களுக்குப் பகிரப்பட்டன, மாவட்டத்தின் தேவைப் பட்டியல் அந்த இலக்குகளை மாற்ற வழி குறைவாகவே இருந்தது' என்று எழுதினால் அந்தத் தொடரே இல்லாமலும் விடை நிறைவாக இருக்கும்.